நிரலாளர் நகைச்சுவையில் வேகமும் இயற்பியலும்

எந்த நிரல்மொழி வேகமானது என்பது கணினி நிரலாளர்களிடையே ஓயாமல் நடக்கும் வாதம். இவ்வாதத்திலிருந்து பல நகைச்சுவைகள் பிறந்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை இயற்பியலைத் துணைக்கு அழைப்பவை. ஒளியின் வேகம், சுழலும் உருளை, அணுவின் அமைப்பு, வளிமங்களின் இயல்பு என்று பள்ளிப் பாடநூலில் படித்தவை எல்லாம் இந்நகைச்சுவைகளில் இடம்பெறுகின்றன. இவை வெறும் வேடிக்கைகள் அல்ல. இயந்திரத்தின் நேரத்தைச் சேமிப்பதா, மனிதரின் நேரத்தைச் சேமிப்பதா என்ற கேள்வி கணினி வரலாறு முழுவதும் தொடர்ந்து வந்துள்ளது. அந்தக் கேள்வியைத் தலைமுறை தலைமுறையாக நினைவூட்டி வந்தவை இந்த வேடிக்கைகளே. அவற்றுள் புகழ்பெற்ற சிலவற்றின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கம்பித் துண்டாகிய நானோநொடி

இவ்வரிசையில் முதலில் சொல்லத்தக்கவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரியும் கணித அறிஞருமான கிரேஸ் ஹாப்பர் (1906–1992). வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்து, யேல் பல்கலைக்கழகத்தில் 1934-இல் முனைவர் பட்டம் பெற்றவர். வாசர் கல்லூரியிலேயே ஆசிரியராகப் பணியாற்றியபின், இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 1 கணினியில் நிரல் எழுதினார்.

கணினிகளின் வேகம் கூடியபோது, பொறியாளர்கள் நானோநொடி என்ற அளவைப் பற்றிப் பேசத் தொடங்கினர். ஒரு நானோநொடி என்பது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதைத் தம்மால் மனத்தில் உருவகிக்க முடியவில்லை என்று ஹாப்பர் வெளிப்படையாகச் சொன்னார். பொறியியல் பிரிவினரிடம், "ஒரு நானோநொடியை வெட்டி எனக்கு அனுப்புங்கள்" என்ற பொருளில் கேட்டதாக அவரே தம் சொற்பொழிவுகளில் கூறுவார். அவர்கள் அனுப்பியது 11.8 அங்குல நீளமுள்ள ஒரு கம்பித் துண்டு.

இதன் கணக்கு எளியது. வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியில் 29,97,92,458 மீட்டர் செல்லும். அதை நூறு கோடியால் வகுத்தால் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வரும். எந்த மின்சமிக்ஞையும் ஒரு நானோநொடியில் இந்தத் தொலைவைத் தாண்டிச் செல்ல முடியாது. உண்மையான செப்புக் கம்பியில் அது செல்லும் தொலைவு இன்னும் குறைவு. பெரும்பாலான வடங்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவே இருக்கும்.

ஹாப்பர் இக்கம்பித் துண்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுசென்று, கேட்போருக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மைக்ரோநொடி எவ்வளவு என்று காட்ட 984 அடி நீளமுள்ள கம்பிச் சுருளைத் தூக்கிக் காட்டினார். மைக்ரோநொடிகளை வீணாக்கும் நிரலாளர், தாம் எதை வீணாக்குகிறார் என்பதை உணர, இச்சுருளைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்லும்போது அவையில் சிரிப்பு எழும். அடுத்து வந்த பிக்கோநொடிக்கு அவர் கண்ட உவமை, உணவகங்களில் கிடைக்கும் மிளகுப்பொடிப் பொட்டலம். ஒரு பிக்கோநொடியில் ஒளி கடக்கும் தொலைவு 0.3 மில்லிமீட்டர்தான். அது பொடித்த மிளகின் ஒரு துகள் அளவு.

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்ப ஏன் இவ்வளவு தாமதமாகிறது என்று கடற்படைத் தளபதிகள் கேட்டாலும் இதே கம்பிதான் விடை. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. செய்தி மேலே சென்று கீழே இறங்க, சுமார் 24 கோடி கம்பித் துண்டுகளை வரிசையாக அடுக்க வேண்டும். எந்தப் பதவியில் இருப்பவர் ஆணையிட்டாலும் அந்த எண்ணிக்கை குறையாது. ஹாப்பரின் கம்பித் துண்டுகள் இன்று வாசிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

மொழிக்கும் வேகத்துக்கும் நடந்த வழக்கு

நானோநொடியின் அருமையை இவ்வளவு வலியுறுத்திய ஹாப்பரே, மனிதர் படிக்கக்கூடிய மொழியில் நிரல் எழுத வேண்டும் என்று முதலில் வாதாடியவர்களில் ஒருவர் என்பது கவனிக்கத்தக்கது. 1952-இல் அவர் உருவாக்கிய ஏ-0 என்ற நிரல், கம்பைலர் எனப்படும் மொழிமாற்றி நிரல்களுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. செயல்படும் ஒரு கம்பைலர் தம்மிடம் இருந்தும், அதை யாரும் தொடவில்லை என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். கணினி கணக்குப் போடும். நிரல் எழுதாது என்பதே அப்போதைய பொதுக் கருத்து. அவரது ஃபுளோ-மேட்டிக் மொழி, 1959-இல் வடிவமைக்கத் தொடங்கப்பட்ட கோபோல் மொழிக்கு அடித்தளமானது.

எதிர்ப்புக்கு ஒரு நியாயமான காரணமும் இருந்தது. அக்காலக் கணினியின் ஒவ்வொரு நிமிடமும் விலை மிக்கது. இயந்திரக் கட்டளைகளைக் கையால் எழுதும் வல்லுநரின் நிரலைவிட, கம்பைலர் ஆக்கித் தரும் நிரல் பல மடங்கு மெதுவாக ஓடும் என்று அனுபவசாலிகள் உறுதியாக நம்பினர். இந்த ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பை ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு ஏற்றது. ஐபிஎம் 704 கணினிக்காக அவர்கள் உருவாக்கிய ஃபோர்ட்ரான் 1957-இல் வெளிவந்தது. நிரல் வேகமாக ஓடாவிட்டால் எவரும் இம்மொழியைத் தொடமாட்டார்கள் என்பதை உணர்ந்து, மொழியின் அழகைவிடக் கம்பைலரின் திறனுக்கே அவர்கள் கூடுதல் உழைப்பைக் கொடுத்தனர். அது உருவாக்கிய கட்டளைகள், அதை எழுதியவர்களையே சில வேளைகளில் வியக்க வைத்தன.

ஃபோர்ட்ரானோடு அதன் நகைச்சுவையும் பரவியது. அம்மொழியில், ஐ முதல் என் வரையுள்ள ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் மாறிகள் முழு எண்களாகவும், மற்றவை 'ரியல்' எனப்படும் மெய்யெண்களாகவும் தாமாகவே கொள்ளப்படும். கடவுளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஜி எழுத்தில் தொடங்குவதால், "முழு எண் என்று அறிவிக்காத வரையில் கடவுள் மெய்" என்று நிரலாளர்கள் சொல்லிச் சிரித்தனர். மெய், மெய்யெண் என்னும் இரு சொற்களும் ஒரே வேரில் அமைந்திருப்பதால், தமிழிலும் இச்சிலேடை ஓரளவு பொருந்தி வருகிறது.

பின்னர் 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியையும் இவ்வழக்கம் விட்டுவைக்கவில்லை. இயந்திரத்துக்கு மிக நெருங்கிய மொழி அசெம்பிளி. சி மொழியில் அசெம்பிளியின் ஆற்றல் முழுவதும் உண்டு. கூடவே அசெம்பிளியின் எளிமையும் உண்டு என்பது அந்தக் கேலி. வேகத்துக்காக எளிமையை இழந்ததை இவ்வளவு சுருக்கமாகச் சொல்வது கடினம்.

சுழலும் உருளையும் மெல் கதையும்

1983 மே மாதம் எட் நேத்தர் என்பவர் யூஸ்நெட் வலையமைப்பில் ஓர் உண்மைக் கதையை எழுதினார். பிற்காலத்தில் டெக்சாசு பல்கலைக்கழகத்தின் வானியலாளராகத் திகழ்ந்த இவர், இளமையில் ராயல் மெக்பீ என்ற கணினி நிறுவனத்தில் பணியாற்றியவர். அங்கு தம்முடன் பணிசெய்த மெல் கே என்ற நிரலாளரைப் பற்றியதே கதை.

அந்நிறுவனத்தின் எல்ஜிபி-30, ஆர்பிசி-4000 ஆகிய கணினிகளில் நினைவகம் என்பது காந்தப் பூச்சு கொண்ட ஒரு சுழலும் உருளை. தேவையான கட்டளை படிக்கும் முனைக்கு நேரே வரும்வரை கணினி காத்திருக்க வேண்டும். உருளை நிமிடத்துக்கு 3,600 முறை சுழல்வதாகக் கொண்டால், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் 60-இல் ஒரு பங்கு. ஒரு கட்டளை மயிரிழையில் தவறிப் போனால், மீண்டும் அது வர ஒரு முழுச் சுற்றுக் காலம் வீணாகும். ஆகவே கட்டளையை எழுதுவதோடு, அதை உருளையில் எந்த இடத்தில் வைப்பது என்பதையும் நிரலாளர் கணக்கிட வேண்டியிருந்தது.

இந்த இடம் பார்க்கும் வேலையைச் செய்ய ஒரு நிரல் இருந்தும், மெல் அதைப் பயன்படுத்த மறுத்தார். ஒவ்வொரு கட்டளையையும் தாமே எண்களாக எழுதி, உரிய நேரத்தில் முனைக்கு வரும்படி உருளையில் அமர்த்தினார். தட்டச்சுக் கருவி மெதுவாக இயங்கியதால் இடையில் தாமதம் தேவைப்பட்டபோதும், அதற்கென்று தனி நிரல் எழுதவில்லை. அடுத்த கட்டளையை, முனையைச் சற்றுமுன் கடந்துபோன இடத்தில் வைத்துவிடுவார். ஒரு முழுச் சுற்று தானாகவே தாமதமாகும். வேகமும் தாமதமும் அவருக்கு ஒரே உருளையின் இரு பயன்களாக இருந்தன.

மெல் எழுதிய சீட்டு விளையாட்டு நிரல், விற்பனைக் கண்காட்சிகளில் காட்டப்பட்டது. வாடிக்கையாளர் வெல்லும்படி செய்ய ஒரு பொத்தான் வேண்டும் என்று விற்பனைப் பிரிவினர் கேட்டனர். அது நேர்மையற்றது என்று மெல் மறுத்தார். வற்புறுத்தலுக்குப் பின் எழுதிக் கொடுத்தார். ஆனால் சோதனை தலைகீழாக அமைந்து, பொத்தானை அழுத்தினால் கணினியே ஒவ்வொரு முறையும் வென்றது. அதைத் திருத்தவும் அவர் மறுத்துவிட்டார்.

மெல் வேலையை விட்டுச் சென்றபின் அதைத் திருத்தும் பணி நேத்தரிடம் வந்தது. நிரலில், முடிவதற்கான சோதனையே இல்லாத ஒரு சுழல் இருந்தது. ஆனால் நிரல் ஓடும்போது அச்சுழல் முடிந்து வெளியே வந்தது. காரணம் விளங்க அவருக்கு இரண்டு வாரம் ஆயிற்று. சுழலில் முகவரி எண் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போய், நினைவகத்தின் எல்லையைத் தொட்டதும் அருகிலுள்ள கட்டளை எண்ணுக்குள் நிரம்பி வழிந்தது. அதனால் அந்தக் கட்டளையே, வேறிடத்துக்குத் தாவும் கட்டளையாக மாறியது. வியந்துபோன நேத்தர், பிழையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று மேலாளரிடம் சொல்லி, நிரலைத் தொடாமல் விட்டுவிட்டார்.

இக்கதை நிரலாளர்களிடையே ஒரு வீரகதை போலப் பரவியது. ஆனால் அதற்குள் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மெல்லின் நிரல் வேகமானது. எனினும் எழுதியவரைத் தவிர வேறு எவரும் அதைத் திருத்த இயலவில்லை. இயந்திரம் சேமித்த சில மில்லி நொடிகளுக்காக, பின்னால் வந்தவர் இரண்டு வாரங்களைச் செலவிட்டார். ஹாப்பரும் பேக்கசும் எதற்காகப் போராடினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

முடிவில்லாச் சுழலை முடித்த கணினி

1976-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்கு வந்த கிரே-1 மீக்கணினி, சீமோர் கிரே (1925–1996) வடிவமைத்தது. அதன் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் 12.5 நானோநொடி. அக்காலத்தில் ஒளி, வெற்றிடத்தில்கூட 3.75 மீட்டருக்கு மேல் செல்லாது. கம்பி நீண்டால் சமிக்ஞை காலம் தாழ்த்தி வரும். எனவே கம்பிகளின் நீளத்தைக் குறைப்பதற்காக, கணினியையே ஆங்கில சி எழுத்து வடிவில் வளைத்தார் கிரே. உட்புறம் குறுகியதால் எந்தக் கம்பியும் சுமார் நான்கு அடியைத் தாண்டவில்லை. மின்வழங்கிகளை அடிப்பகுதியில் வைத்து, மேலே மெத்தை போட்டதால், உலகிலேயே விலை உயர்ந்த இருக்கை என்று அது கேலி செய்யப்பட்டது. பார்ப்பவருக்கு அழகுக்காகச் செய்தது போலத் தோன்றும் அவ்வடிவத்துக்கு ஒளியின் வேகமே முக்கியக் காரணம்.

கிரே கணினிகளைப் பற்றி வழங்கிய புகழ்பெற்ற வேடிக்கை ஒன்று உண்டு: அது அவ்வளவு வேகமானது, முடிவில்லாச் சுழலைக்கூட ஆறு நொடியில் முடித்துவிடும் என்பார்கள். முடிவிலியை எந்த வேகத்தால் வகுத்தாலும் விடை முடிவிலியே என்பதைக் கணிதம் தெரிந்தவர் உடனே அறிவார். இயந்திரத்தின் வேகம் தவறான நிரலைச் சரியாக்கிவிடாது என்பதே இதன் உட்பொருள்.

இதற்கு இணையானது லினக்சு இயங்குதளத்தின் போகோமிப்ஸ் என்ற அளவு. 1990களின் தொடக்கத்தில் லினசு டோர்வால்ட்சு இதைச் சேர்த்தார். கணினி தொடங்கும்போது, வெறும் காத்திருப்புச் சுழல் ஒன்றை எவ்வளவு வேகமாக ஓட்ட முடிகிறது என்று அளந்து, திரையில் காட்டும். போலி என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. ஒன்றுமே செய்யாமல் இருப்பதில் இக்கணினி எவ்வளவு விரைவானது என்பதற்கான அளவு என்று நிரலாளர்கள் இதை விளக்குவர். இரு வேறு கணினிகளின் வேகத்தை இந்த எண்ணால் ஒப்பிடக் கூடாது என்ற எச்சரிக்கை, பெயரிலேயே அமைந்துவிட்டது.

இயற்பியலாளர் பெயரில் பிழைகள்

டாண்டம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரே, 1985-இல் கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்று ஆராய்ந்த அறிக்கையில், பிழைகளை இரு வகையாகப் பிரித்தார். எத்தனை முறை ஓட்டினாலும் அதே இடத்தில் தவறாமல் தோன்றுவது போர்பிழை. நீல்சு போரின் அணு மாதிரியைப் போலத் திட்டவட்டமானது. தேடத் தொடங்கியதும் மறைந்துபோவது ஐசன்பிழை. வெர்னர் ஐசன்பர்க்கின் பெயரை ஒட்டி வழங்கும் சொல் இது.

இரண்டாம் வகைக்கும் வேகத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு நிரலின் இரு பகுதிகள் ஒரே சமயத்தில் ஓடும்போது, எது முந்துகிறது என்பதைப் பொறுத்துச் சில பிழைகள் தோன்றும். பிழையைப் பிடிக்க, இடையில் ஒரு வரியை அச்சிடச் சொன்னால் நிரல் சற்று மெதுவாகும், முந்துவது பிந்தும், பிழையும் காணாமற்போகும். அந்த வரியை நீக்கியதும் பிழை திரும்பி வரும்.

மாணவர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அளப்பதால் அளக்கப்படுவது மாறுகிறது என்பது நோக்கர் விளைவு. 1927-இல் ஐசன்பர்க் வெளியிட்ட ஐயப்பாட்டுத் தத்துவம் அதுவன்று. ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேர எவ்வளவு துல்லியமாக வரையறுக்கலாம் என்பதற்கு இயற்கை வைத்துள்ள எல்லையைக் கூறுவது அது. பெயர் வைத்தவர்கள் இரண்டையும் கலந்துவிட்டார்கள், பெயர் நிலைத்துவிட்டது.

500 மைல் தாண்டாத மின்னஞ்சல்

டிரே ஆரிசு என்ற கணினி நிர்வாகி 2002-இல் எழுதிய ஒரு நிகழ்ச்சி, இவ்வகைக் கதைகளில் மிகவும் விரும்பப்படுவது. 1990களில் அவர் வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, புள்ளியியல் துறைத் தலைவர் தொலைபேசியில் அழைத்து, தங்கள் மின்னஞ்சல் 500 மைலுக்கு மேல் போக மறுக்கிறது என்றார். நம்ப முடியாத புகார். சோதித்தபோது, அருகிலுள்ள ஊர்களுக்கு அஞ்சல் சென்றது. தொலைவிலுள்ள ஊர்களுக்குச் செல்லவில்லை.

காரணம் பின்னர் தெரிந்தது. இயங்குதளத்தைப் புதுப்பித்த ஒருவர், அறியாமல் அஞ்சல் நிரலின் பழைய பதிப்பை நிறுவிவிட்டார். புதிய பதிப்புக்கான அமைப்புக் கோப்பைப் பழைய பதிப்பால் புரிந்துகொள்ள முடியவில்லை. எனவே மறுமுனையின் விடைக்காகக் காத்திருக்கும் நேரத்தைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டது. நடைமுறையில் அது சுமார் மூன்று மில்லி நொடியாக இருந்தது. மூன்று மில்லி நொடியில் ஒளி செல்லும் தொலைவு ஏறத்தாழ 900 கிலோமீட்டர், அதாவது 559 மைல்.

கூர்ந்து நோக்கினால் இக்கணக்கில் இடைவெளி உண்டு. சமிக்ஞை சென்று திரும்ப வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டரே செல்லும். இவ்விரண்டையும் சேர்த்தால் எல்லை 300 கிலோமீட்டராகக் குறையும். சுவைக்காகச் சில விவரங்களை மாற்றியும் விடுத்தும் எழுதியதாக ஆரிசே தொடக்கத்தில் குறிப்பிட்டிருந்தார். என்றாலும் கதையின் அடிப்படை சரியானது. தமக்கு விளங்காத ஒன்றைத் துறைத் தலைவர் அளந்து, தரவுகளோடு வந்து சொன்னார். புகாரைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்திருந்தால், காரணம் தெரியாமலே போயிருக்கும்.

விதிகளைப் போன்ற விதிகள்

இயற்பியல் விதிகளின் நடையிலேயே நிரலாளர்கள் தங்களுக்கும் விதிகள் வகுத்துக்கொண்டனர். பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாசு விர்த் 1995-இல் எழுதிய கட்டுரையில், வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மெதுவாகி வருகிறது என்னும் கருத்தை எடுத்துரைத்தார். அதைத் தமக்குச் சொன்னவர் மார்ட்டின் ரைசர் என்று விர்த் குறிப்பிட்டபோதும், விர்த் விதி என்றே அது வழங்குகிறது. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் உயர் பொறுப்பு வகித்த நேத்தன் மிர்வால்டு, மென்பொருளை வளிமத்துக்கு ஒப்பிட்டார். கொள்கலன் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கும் வளிமம் பரவும், மென்பொருளும் அப்படியே.

சிரிப்பின் பின்னுள்ள கணக்கு

பல பத்தாண்டுகளாக, மெதுவான நிரலுக்கு ஓர் எளிய மருந்து இருந்தது: அடுத்த ஆண்டின் கணினியை வாங்குவது. ஏறத்தாழ 2005-ஆம் ஆண்டையொட்டி அம்மருந்து பலனிழக்கத் தொடங்கியது. சில்லுகள் வெளியிடும் வெப்பத்தைச் சமாளிக்க முடியாததால், துடிப்பு வேகம் முன்போல் உயரவில்லை. நொடிக்கு 300 கோடித் துடிப்புள்ள சில்லில், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஒளி 10 சென்டிமீட்டரே செல்லும். ஆகவே மொழியின் வேகம் பற்றிய பழைய வாதம் புதிய பொருள் பெற்றது.

2017-இல் போர்த்துக்கல் ஆய்வாளர்கள் 27 நிரல்மொழிகளில் ஒரே வகைக் கணக்குகளைச் செய்து பார்த்து, செலவான ஆற்றலை அளந்தனர். சி மொழிக்கு ஒரு பங்கு ஆற்றல் என்றால், பைத்தானுக்குச் சுமார் 76 பங்கு ஆனது. நேரம் சுமார் 72 மடங்கு. இதைக் கொண்டு பைத்தானைத் தள்ளிவிட முடியாது. பெரிய கணக்குகளில் அம்மொழி தன் கடும் வேலையை, சி போன்ற மொழிகளில் எழுதப்பட்ட நூலகங்களிடமே ஒப்படைக்கிறது. மேலும் ஒரு பள்ளி மாணவி முதல் நாளிலேயே படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய மொழி அது. ஏ-0 நிரலை எழுதியபோது ஹாப்பர் விரும்பியதும் இப்படி ஒன்றைத்தான். அதேசமயம், வீணாகும் ஒவ்வொரு மைக்ரோநொடிக்கும் ஒரு நீளமும் விலையும் உண்டு என்று சொன்னவரும் அவரே. இரண்டில் ஒன்றை விட்டுவிடும்படி அவர் எவரிடமும் கேட்கவில்லை.

ஹாப்பரின் பாடத்தை நம் வகுப்பறைகளில் நடத்த அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதில்லை. மேசைமேல் இருக்கும் 30 சென்டிமீட்டர் அடிக்கோல் ஏறத்தாழச் சரியாக ஒரு நானோநொடி, வேறுபாடு 0.2 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். வடிவியல் பெட்டியிலுள்ள 15 சென்டிமீட்டர் அளவுகோல் அரை நானோநொடி. அதைக் கையில் கொடுத்து, இதைவிடக் குறைந்த நேரத்தில் உன் கணினி ஒரு கூட்டலைச் செய்துவிடுகிறது என்று சொன்னால், மாணவர் முதலில் சிரிப்பர்; பிறகு அளவுகோலை இன்னொரு முறை பார்ப்பர்.